அடுத்த சீசன் நம்பிக்கையை எதன்மீது வைப்பது?

ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தோற்ற அணி என்று ஒன்று கிடையாது. போன வருடம் மூன்று முயற்சிகளையும் வீணாக்கிவிட்டு நான்காவதில் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளுவதையே வழக்கமாக வைத்திருந்த அணியின் ரசிகர்கூட, "இந்த வருடம் நம் தாக்குதல் ஆட்டத்தைப் பாருங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். முதல் ஆட்டம் முடியும்வரை அவரை யாரும் மறுத்துப் பேச முடியாது.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பல பல்கலைக்கழகங்களில் வசந்த காலத்திலேயே வந்துவிடுகிறது. பணத்தைக் கட்டுவதா, இந்த வருடம் தொலைக்காட்சி போதுமா என்று ஒரு பந்துகூட வீசப்படாத நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பயிற்சியாளரின் நெருக்கடி இன்னும் பெரிது. 2026 முதல், ஆட்டக்காரர்கள் பல்கலைக்கழகம் மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு முறைதான் திறக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் அவர் எடுக்கும் முடிவுதான் நவம்பரில் அவர் வேலையில் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

தாக்குதல் பிரிவு சறுக்கிய ஓர் அணிக்கு அப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. இருப்பவர்களையே நம்பி இன்னொரு வருடம் ஓட்டலாம். வேறு பல்கலைக்கழகத்தில் ஆடித் தேறிய குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரை, அழைத்து வரலாம். பள்ளியிலிருந்து நேராக வரும் இளைஞனிடம் பந்தைக் கொடுக்கலாம். ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, உத்தி வகுக்கும் பயிற்சியாளரை மாற்றலாம். நடைமுறையில் இவை கலந்துதான் வரும். ஆனால் ரசிகரின் நம்பிக்கை எப்போதும் இதில் ஒன்றைத்தான் பிடித்துத் தொங்குகிறது. எதைப் பிடித்தால் கை வழுக்காது என்பதற்குக் கடந்த சில வருடங்களே போதுமான சாட்சி சொல்கின்றன.

இந்த ஆட்டத்தை எப்போதாவது பார்ப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். களத்தில் பதினொரு பேர். அவர்களில் ஐவர் பந்தைத் தொடுவதே அரிது. ஒவ்வொருவரும் நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ எடையோடு முன்வரிசையில் நின்று, குவாட்டர்பேக்கின்மீது யாரும் பாயாமல் தடுப்பதும், பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறப்பதும்தான் அவர்கள் வேலை. தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்ந்து போவதால் இவர்கள் கண்ணில் படுவதில்லை. இந்தக் கட்டுரையில் அவர்கள் அடிக்கடி வருவார்கள்.

முதல் வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அறிவாளிகளும் ஏமாறுவது இங்கேதான். "எல்லோரும் திரும்பி வருகிறார்கள்" என்ற வாக்கியத்தைப் போல ரசிகரை மயக்குவது வேறொன்றுமில்லை. கிளெம்சன் 2025 சீசனுக்குள் நுழைந்தபோது அதன் குவாட்டர்பேக் கேட் கிளப்னிக், முந்தைய வருடம் 3,639 யார்டு வீசி 36 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) கொடுத்திருந்தார். எதிரணி பறித்துக்கொண்ட பந்துகள் ஆறே ஆறு. அவரும் திரும்பினார், வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களும் திரும்பினார்கள், முன்வரிசையில் பெரும்பாலோரும் திரும்பினார்கள், உத்தி வகுத்த கேரட் ரைலியும் இருந்தார். சீசனுக்கு முந்தைய அசோசியேட்டட் பிரஸ் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம். ஆகஸ்ட் 30 அன்று சொந்த மைதானத்தில் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியிடம் 17–10 என்று தோற்றார்கள். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சீசன் முடிந்தபோது ஏழு வெற்றி, ஆறு தோல்வி.

அதே வருடம் அதே பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த பென் ஸ்டேட்டின் கதை இன்னும் மோசம். குவாட்டர்பேக் டுரூ ஆலர், பந்தோடு ஓடும் நிக்கோலஸ் சிங்கிள்டன், கேட்ரான் ஆலன் மூவரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் தங்கிவிட்டார்கள். மாநிலமே கொண்டாடியது. ஆரெகனிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 30–24, அடுத்த வாரம் யு.சி.எல்.ஏ.விடம் 42–37, அதற்கடுத்த வாரம் நார்த்வெஸ்டர்னிடம் 22–21 என்று மூன்று தோல்விகள் வரிசையாக வந்தன. அக்டோபர் 12 அன்று தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? திரும்பி வருபவர்களைக் கணக்கிடும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது போன வருடம் எத்தனை யார்டு எடுத்தவர்கள் மீதம் இருக்கிறார்கள் என்றுதான் எண்ணுகிறது. அந்த யார்டுகளைப் பார்த்துப் பார்த்து எதிரணிகள் என்ன கற்றுக்கொண்டன என்று எண்ணுவதில்லை. பழைய ஆட்டங்களின் வீடியோ எல்லோரிடமும் இருக்கிறது. கிளப்னிக் எந்த நிலைமையில் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பார் என்பதை எட்டு மாதம் உட்கார்ந்து படிக்க முடியும். இருபது வயதுக்காரர் ஒவ்வொரு வருடமும் தானாகவே மெருகேறிவிடுவார் என்ற எண்ணமும் ரசிகருடையதுதான். பல பேர் தங்கள் உச்சத்தைப் போன வருடமே தொட்டிருப்பார்கள்.

ஆகவே இருந்ததே இருக்கட்டும் என்ற வழி எப்போது தேறும்? போன வருடத்துக் குறை என்னவென்று பயிற்சியாளர் பெயர் சொல்லிக் காட்ட முடிந்து, அந்தக் குறையை மட்டும் மாற்றினால்தான். இதற்கு எல்.எஸ்.யு.வின் 2019-ஐவிட நல்ல உதாரணம் என் நினைவில் இல்லை. அது நான்காவது வழிக்கும் சொந்தமான கதை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

2018 நவம்பர் 3 அன்று சொந்த ஊரான பேட்டன் ரூஜில், லட்சம் பேர் முன்னிலையில், அலபாமாவிடம் எல்.எஸ்.யு. 29–0 என்று தோற்றது. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ, ஒஹையோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் வந்தவர். அந்த சீசன் முழுவதிலும் அவர் கொடுத்தது 16 டச்டவுன். வீசியதில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுதான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அணி பத்து ஆட்டங்களில் வென்றது என்றாலும், அதற்குக் காரணம் தடுப்பாட்டம். இரண்டு பேரை அருகில் நிறுத்தி, பந்தை ஓடுபவன் கையில் திணித்து, இடித்துக்கொண்டு முன்னேறும் பழைய பாணியில் அவர்கள் ஆடினார்கள். சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான் யாரையும் நீக்கவில்லை. தாக்குதல் பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரை அப்படியே வைத்துக்கொண்டு, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்த 29 வயது ஜோ பிரேடியை அழைத்து வந்தார். அரிசியும் பருப்பும் அதேதான். அடுப்படியில் இன்னொரு கை சேர்ந்தது.

பிரேடி செய்த மாற்றத்தைச் சொல்வது எளிது. முன்வரிசை ஐவரையும் குவாட்டர்பேக்கையும் தவிர்த்த ஐந்து பேரையும் பந்து வாங்கும் இடங்களுக்கு அனுப்பிவிடுவது. குவாட்டர்பேக்குக்குப் பின்னால் யாரும் இல்லை, பக்கத்தில் கூடுதல் காவலும் இல்லை. எதிரணி ஐந்து பேரையும் காக்கப் பரவியாக வேண்டும். பரவினால் எங்கோ ஓர் இடைவெளி திறக்கும். பர்ரோவுக்கு அந்த இடைவெளி பந்து கைக்கு வரும் முன்பே தெரிந்துவிடும். இந்தத் திறமை அவருக்கு 2018-லும் இருந்தது. அதைக் கேட்கும் ஆட்டம்தான் அப்போது இல்லை.

2019 செப்டம்பர் 7, ஆஸ்டின். டெக்சாஸுக்கு எதிராக எல்.எஸ்.யு. 37–31 என்று முன்னணி. இரண்டரை நிமிடம் மீதம். மூன்றாவது முயற்சி, தேவை 17 யார்டு. 2018 எல்.எஸ்.யு. என்றால் பந்தை ஓடவிட்டு நேரத்தைக் கரைத்து, எதிரணியிடம் உதைத்துக் கொடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரர்களை நம்பியிருக்கும். இவர்கள் வீசினார்கள். டெக்சாஸ் ஆட்களை அனுப்பி நெருக்கியது. பர்ரோ பின்வாங்கவில்லை. முன்வரிசைக்கு நடுவில் முன்னே நழுவி, இடப்பக்கம் ஒதுங்கி, ஜஸ்டின் ஜெஃபர்சனுக்குக் கொடுத்தார். 61 யார்டு, டச்டவுன். ஆட்டம் 45–38 என்று முடிந்தது. அன்று பர்ரோ வீசியது 471 யார்டு.

சீசன் முடிந்தபோது அவர் கணக்கில் 5,671 யார்டு, 60 டச்டவுன். வீசியதில் நூற்றுக்கு எழுபத்தாறு கைக்குப் போனது. ஆட்டத்துக்கு 32 புள்ளி எடுத்த அணி 48 புள்ளி எடுத்தது. பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி. வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, தேசிய சாம்பியன் பட்டம், எல்லாம்.

இதை எல்லோரும் பர்ரோவின் கதையாகவும் பிரேடியின் கதையாகவும் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் இருபது அணிகள் "எங்களுக்கும் ஒரு பிரேடி கிடைத்துவிட்டார்" என்று அறிவிக்கின்றன. அந்த வருடம் நாட்டின் சிறந்த முன்வரிசைக்குத் தரப்படும் ஜோ மூர் விருதும் எல்.எஸ்.யு.வுக்குத்தான் போனது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கூடுதல் காவல் இல்லாமல் ஐந்து பேரையும் முன்னே அனுப்புவது, மீதமுள்ள ஐவர் தாக்குப்பிடிப்பார்கள் என்று தெரிந்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஜெஃபர்சன், ஜாமார் சேஸ், டெரஸ் மார்ஷல் என்ற மூன்று ரிசீவர்களும் முந்தைய வருடமே அணியில் இருந்தவர்கள் என்பதும் மறந்துபோகிறது. 2020-இல் பர்ரோவும் பிரேடியும் போனார்கள், சேஸ் அந்த சீசனில் ஆடாமல் விலகினார். எல்.எஸ்.யு. ஐந்து வென்று ஐந்து தோற்றது.

பயிற்சியாளரை மாற்றும் வழிக்கு இன்னொரு முகம் ஃபுளோரிடா ஸ்டேட். 2024-இல் பத்து தோல்விகளைப் பார்த்த பிறகு, வேறொரு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கஸ் மல்சானைத் தாக்குதல் பொறுப்புக்கு அழைத்து வந்தார்கள். முன்பு அவரிடம் ஆடிய டாமி காஸ்டெலனோஸ் குவாட்டர்பேக்காக வந்தார். 2025-இன் முதல் ஆட்டத்திலேயே அலபாமாவை 31–17 என்று வீழ்த்தினார்கள். தாக்குதல் ஆட்டம் உண்மையாகவே பல மடங்கு தேறியது. ஆனாலும் சீசன் 5–7. தாக்குதல் பற்றிய நம்பிக்கை பலிப்பதும் அணி பற்றிய நம்பிக்கை பலிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டிய அவசியமில்லை. டிக்கெட் வாங்குபவர் எதற்காக வாங்குகிறோம் என்று முன்பே தெளிவாக இருப்பது நல்லது. நான் புள்ளிகள் குவிவதைப் பார்க்கப் போகிறவன். தோற்றாலும் 42–37 எனக்குச் சம்மதம். என் நண்பர்களில் பலர் இதைக் குற்றமாகக் கருதுகிறார்கள்.

அடுத்தது முதலாண்டு இளைஞன். இந்த நான்கில் அதிகம் உணர்ச்சியைக் கிளறுவதும், முதல் வருடத்தில் மிகக் குறைவாகத் திருப்பித் தருவதும் இதுதான் என்பது என் கணிப்பு.

மிச்சிகன் 2024-இல் எப்படி ஆடியது என்பதற்கு ஓர் ஆட்டம் போதும். செப்டம்பர் 21, யு.எஸ்.சி.க்கு எதிராக அவர்கள் 27–24 என்று வென்றார்கள். குவாட்டர்பேக் அலெக்ஸ் ஓர்ஜி அன்று முழுவதும் வீசியது 32 யார்டு. முழு ஆட்டத்துக்கும் சேர்த்து! ஓடியே வென்றார்கள். வருடம் முழுவதும் குவாட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக 129 யார்டு வீசி, நாட்டின் 130-க்கும் மேற்பட்ட அணிகளில் கடைசி வரிசையில் நின்றார்கள். அப்போதுதான், சொந்த மாநிலத்தில் பெல்வில் என்ற ஊரைச் சேர்ந்த பிரைஸ் அண்டர்வுட், எல்.எஸ்.யு.வுக்குக் கொடுத்த வாக்கை மாற்றி மிச்சிகனுக்கு வந்தார். அந்த வருடத்துப் பள்ளி ஆட்டக்காரர்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்பட்டவர். கூடவே சிப் லிண்ட்சி என்ற புதிய தாக்குதல் பொறுப்பாளர். அந்தக் கோடையில் மிச்சிகன் ரசிகர்களின் உற்சாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 32 யார்டு வீச்சைப் பார்த்தவர்களுக்கு எதுவும் விடியல்தான்.

அண்டர்வுட் முதல் ஆட்டத்தில் நியூ மெக்சிகோவுக்கு எதிராக 251 யார்டு வீசினார். அடுத்த வாரம் ஓக்லஹோமாவில் 24 முறை வீசி 9 மட்டுமே கைக்குப் போய்ச் சேர்ந்தது, 24–13 தோல்வி. இந்த ஏற்ற இறக்கம் வருடம் முழுவதும் தொடர்ந்தது. ஒஹையோ ஸ்டேட்டிடம் 27–9, கடைசியில் டெக்சாஸிடம் 41–27. மொத்தம் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. மோசமில்லை, முந்தைய வருடத்தைவிட மேல். ஆனால் கோடையில் பேசிய அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. பதினெட்டு வயதில், நிரம்பி வழியும் வெளியூர் மைதானத்தின் இரைச்சலில், ஆட்டம் தொடங்கும் முன்பு எதிரணி இடம் மாறி நிற்பதைப் பார்த்து முடிவை மாற்றுவது பயிற்சியில் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றே அல்ல. அடிபட்டுத்தான் வர வேண்டும்.

டிரெவர் லாரன்ஸ் இல்லையா என்று கேட்பீர்கள். 2018-இல் கிளெம்சனின் முதலாண்டு மாணவராக வந்து, நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு பொறுப்பேற்று, அலபாமாவை 44–16 என்று நொறுக்கிப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். உண்மை. ஆனால் அவர் ஏறியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில். அந்த அணி முந்தைய வருடமும் பட்டத்துக்கு மோதத் தேர்வான நான்கு அணிகளில் (2024 முதல் பன்னிரண்டு) ஒன்று. சறுக்கிய அணி ஒன்று முதலாண்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போய் மலையேறியதாக நினைத்துப் பார்த்தால் பெயர்கள் எளிதில் வருவதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நம்பிக்கை, பெஞ்சில் காத்திருந்த வாரிசு. டெக்சாஸின் ஆர்ச் மேனிங் பெயரிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. சித்தப்பாக்கள் பேட்டனும் ஈலையும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் பட்டம் வென்ற குவாட்டர்பேக்குகள். 2025-இல் அவர் பொறுப்பேற்கிறார் என்றதும் டெக்சாஸ் வரலாற்றில் முதன்முறையாக சீசனுக்கு முந்தைய பட்டியலில் முதலிடம் கிடைத்தது. அப்போது அவர் தொடக்கத்திலிருந்து ஆடியிருந்தது இரண்டே ஆட்டங்கள். அதைவிடப் பெரிய விஷயம், முன்வரிசை ஐவரில் நால்வர் போயிருந்தார்கள். கெல்வின் பேங்க்ஸ் என்.எஃப்.எல். தேர்வில் ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அப்படிப்பட்ட ஒருவரின் இடத்தை யார் நிரப்பினாலும் இறங்குமுகம்தான். பட்டியல் போட்டவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மேனிங் என்ற பெயர் கண்ணை மறைத்தது. ஆகஸ்ட் 30 அன்று ஒஹையோ ஸ்டேட்டிடம் 14–7 தோல்வி. அக்டோபரில் ஃபுளோரிடாவிடம் 29–21. அன்று மேனிங் பந்தோடு திரும்பத் திரும்பத் தரையில் வீழ்த்தப்பட்டார். சீசனின் பின்பகுதியில் முன்வரிசை கொஞ்சம் நிலைத்தது, அவரும் தேறினார், டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை வென்றார்கள். 10–3 என்பது கௌரவமான முடிவுதான். ஆனால் பட்டத்துக்கான பன்னிரண்டு அணிகளில் அவர்கள் இல்லை.

மிச்சம் இருப்பது, வெளியிலிருந்து தேர்ந்த குவாட்டர்பேக்கைக் கொண்டுவருவது. 2021 வரை பல்கலைக்கழகம் மாறினால் பொதுவாக ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தடை போனது; 2024 முதல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். "கூலிப்படை" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பயிற்சியாளருக்கு மாதம் சில லட்சம் டாலர் போகும்போது சுளிக்காத முகம் இப்போது ஏன் சுளிக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

இந்த வழி தவறினால் எப்படித் தவறும் என்பதற்கு மீண்டும் ஃபுளோரிடா ஸ்டேட். 2023-இல் 13–1. ஜோர்டன் டிராவிஸ் என்ற குவாட்டர்பேக்கும் முக்கிய ரிசீவர்களும் போனார்கள். கிளெம்சன், ஆரெகன் ஸ்டேட் இரண்டிலும் ஆடிய டி.ஜே. உயாகலலேயைக் கொண்டுவந்தார்கள். அனுபவத்தில் குறை சொல்ல முடியாது. டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் 24–21 என்று தொடங்கிய சரிவு 2–10-இல் நின்றது. டிராவிஸ் கால் வேகத்தால் அபாயத்திலிருந்து நழுவுபவர். அந்த ஓட்டத்தை நம்பி அமைந்த ஆட்டத்தில், நின்று வீசும் பெரிய உருவத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆளும் சரி, ஆட்டமும் சரி, இரண்டும் பொருந்தவில்லை.

ஒஹையோ ஸ்டேட் 2024 பொருந்திய கதை. கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த வில் ஹவர்டு, முந்தைய குவாட்டர்பேக்கைவிடப் பெரிய திறமைசாலி என்று யாரும் வாதிடவில்லை. சிப் கெல்லி யு.சி.எல்.ஏ.வின் தலைமைப் பதவியை விட்டுவிட்டுத் தாக்குதல் பொறுப்பாளராக வந்தார். அக்டோபரில் முன்வரிசையின் இடக்கோடி ஆள் ஜாஷ் சிம்மன்ஸ் காயத்தால் போனார். நவம்பரில் நடு ஆள் செத் மெக்லாக்லினும் போனார். அந்த மாதக் கடைசியில் மிச்சிகனிடம் 13–10 என்று சொந்த மண்ணில் தோற்றபோது ஊரே கொதித்தது. பிறகு, உள்பக்கம் ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சன் இடக்கோடியில் நிலைத்து நிற்க, வரிசை கூடி வந்தது. டென்னசியை 42–17, ஆரெகனை 41–21 என்று மிதித்துக்கொண்டு போனார்கள். இறுதி ஆட்டத்தில் நோட்ர டேம் நெருங்கி வந்தபோது, மூன்றாவது முயற்சி, 11 யார்டு தேவை. ஹவர்டு ஜெரமையா ஸ்மித்துக்கு 56 யார்டு உயரப் போட்டார். அந்த வீச்சு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குத் தேவைப்பட்ட மூன்று நொடியைக் கொடுத்தவர்களில் ஜாக்சனும் ஒருவர்.

இண்டியானா இன்னும் தெளிவான பாடம். 2023-இல் 3–9. கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது தாக்குதல் பொறுப்பாளர் மைக் ஷனஹனையும் ஆட்டக்காரர்கள் பலரையும் கையோடு கூட்டி வந்தார். உத்தி பழையது, ஓடிப் பழகியது, இடம்தான் புதிது. குவாட்டர்பேக்காக ஒஹையோ பல்கலைக்கழகத்தின் கர்டிஸ் ரூர்க் வந்து 2024-இல் 11–2. அவர் போனதும் கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மென்டோசா. அங்கே இருந்தபோது மோசமான காவலுக்குப் பின்னால் நின்று அடி வாங்கிக்கொண்டே துல்லியமாக வீசியவர். அதே போர்ட்டலில் நோட்ர டேமிலிருந்து பாட் கூகன் என்ற நடு ஆளையும் எடுத்தார்கள். அந்தச் செய்தி எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? 2026 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமாவை 38–3 என்று சுருட்டியபோது, சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது கூகனுக்குப் போனது. பந்தை ஒவ்வொரு முறையும் பின்னால் கொடுத்துவிட்டு முட்டி நிற்பவருக்கு! மென்டோசா ஹைஸ்மன் வாங்கினார். இறுதி ஆட்டத்தில் நான்காவது முயற்சியில் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு 12 யார்டு பாய்ந்து மயாமிக்கு எதிராக டச்டவுன் போட்டார். 27–21. பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி.

ஆக, ஒரே வருடத்தில் பலன் வேண்டுமென்றால் என் வரிசை இது: பழகிய உத்திக்குள் அதற்குப் பொருந்தும் தேர்ந்த குவாட்டர்பேக்கைக் கொண்டுவருவது முதலில், நல்ல முன்வரிசையும் ரிசீவர்களும் கையில் இருந்து ஆட்டம் மட்டும் பழையதாகிவிட்ட அணிக்குப் புதிய பயிற்சியாளர் இரண்டாவது. "எல்லோரும் திரும்பி வருகிறார்கள்" என்பது மூன்றாவது, வெகு தொலைவில். முதலாண்டு இளைஞன் கடைசி. ஆனால் பயிற்சியாளருக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது, பல்கலைக்கழகமும் பொறுமையாக இருக்கும் என்றால் நான் வரிசையைத் தலைகீழாக்கி இளைஞனையே எடுப்பேன். போர்ட்டலில் வருபவர் பெரும்பாலும் ஒரு வருடம் ஆடிவிட்டுப் போய்விடுவார். அடுத்த ஜனவரியில் மறுபடியும் சந்தைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மென்டோசா கிடைக்க மாட்டார். சிக்கல் என்னவென்றால், மூன்று வருட அவகாசம் உள்ள பயிற்சியாளர்கள் இன்று எத்தனை பேர்? பென் ஸ்டேட் தன் பயிற்சியாளரை நீக்கியது, பட்டத்துக்கான அரையிறுதி ஆடிய அதே வருடத்தில்தான்.

வசந்த காலப் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குவாட்டர்பேக் வேறு நிறத்தில் ஒரு சட்டை போட்டிருப்பார். அவரை யாரும் தொடக் கூடாது என்பது அதன் பொருள். நெருங்கியவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார், விசில் ஊதும். அடி விழாது என்று தெரிந்தால் பந்து அழகாகத்தான் போகும். 2025-இல் டெக்சாஸும் நெப்ராஸ்காவும் அந்த ஆட்டத்தையே ரத்து செய்தன. தங்கள் ஆட்களை மற்றவர்கள் நோட்டமிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். ரசிகருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

டிக்கெட் கடிதம் வந்தால் நான் அணியின் இணையதளத்தில் ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்து குவாட்டர்பேக்கைத் தாண்டிக் கீழே போவேன். முன்வரிசை ஐவரில் எத்தனை பேர் போன வருடம் சேர்ந்து ஆடியவர்கள், முக்கியமாக இடக்கோடியும் நடுவும் யார் கையில் என்று பார்ப்பேன். அடுத்து, உத்தி வகுப்பவரும் குவாட்டர்பேக்கும் முன்பு எந்த மாதிரி ஆட்டம் ஆடினார்கள், இரண்டும் ஒட்டுமா என்று பழைய ஆட்டம் ஒன்றிரண்டைப் பார்ப்பேன். சிறப்புக் காட்சிகளின் தொகுப்பை அல்ல, தோற்ற ஆட்டத்தை, முழுதாக. பிறகுதான் ஆட்ட அட்டவணை. இந்த மூன்றில் முதலாவது சரியில்லை என்றால், குவாட்டர்பேக் பெயர் எதுவாக இருந்தாலும் நான் செப்டம்பர் முடியும்வரை காத்திருந்து, ஒற்றை ஆட்டத்துக்கான டிக்கெட்டை மறுவிற்பனையில் வாங்குகிறேன். எதிர்பார்ப்பு சரிந்த அணியின் டிக்கெட் அக்டோபரில் மலிவாகவே கிடைக்கிறது.